கசிவு

காலையிலிருந்து ஊதச் சொல்வதுதான் என் உத்தியோகம்.
ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும், இன்னும்.
சிங்களத்தில் ஒருக்கா, தமிழில் ஒருக்கா,
நெஞ்சுநோய்ப் பிரிவின் ஆறாம் அறையில்
நாளுக்கு முப்பது சோடி நுரையீரல்.
உதட்டோரம் துளி காற்றுக் கசிந்தாலும்
திரையில் கோடு சரிந்துபோகும்.
பிழை என்று எழுதி, மறுபடி என்பேன்.

தெமட்டகொடைச் சீமெந்துக் களஞ்சியத்து நிஸ்தார்
இன்றைக்கு எட்டுத் தரம் ஊதினார்.
எட்டும் பிழை.
'மிஸ், இதுக்கு மேல உள்ளுக்கு ஒண்ணும் இல்ல'
என்று சிரித்து
வாயைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளவத்தை. ஐந்தாம் மாடி. கடல் பக்கம்.
முன்பு இருந்தவர் ஒரு கிழிந்த குடையையும்
ஒரு சீடீ பிளேயரையும் விட்டுப்போனார்.
'வேணுமெண்டா வையுங்கோ, இல்லாட்டி எறியுங்கோ'
என்றார் வீட்டுக்காரர்.
மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு,
அட்டையும் இல்லை, பெயரும் தேய்ந்துபோய்.

அதற்குள் இருந்தாள் இவள்.

சொல்லுக்கு முன்னமே மூச்சு வந்துவிடுகிறது இவளுக்கு.
பாதி குரல், பாதி காற்று.
யாரோ நித்திரை கொள்ளும் அறைக்குள்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
நடக்கிறவளின் பாட்டு.
பின்னால் ஒரு மேளம்,
ஈரத் துணியை மெல்ல உதறுவதுபோல.
கிட்டாரைத் தண்ணீருக்குள் வைத்து மீட்டியிருக்கிறார்கள்.
அவசரம் என்பது ஒருவருக்கும் இல்லை.

என் இயந்திரத்தில் இவளை ஊதவிட்டால்
ஒரு கோடும் தேறாது.
குழாயின் ஓரமெல்லாம் கசிவு.
அந்தக் கசிவுக்காகத்தான்
சோறு ஆறும்வரை
ஈரத்தலையோடு நிலத்தில் இருக்கிறேன்.

மூன்றாம் பாட்டில் பாணந்துறைக் கோச்சி வரும்.
யன்னல் கம்பி அதிரும், கோப்பை நடுங்கும்,
இவள் முழுதாக மூழ்கிப்போவாள்.
கடைசிப் பெட்டியும் கடந்தபின்
உப்புக்காற்றோடு திரும்பி வருவாள்,
ஒன்றும் நடவாதமாதிரி,
தலைமயிரைக்கூட ஒதுக்காமல்.

என்ன பாசை என்று தெரியவேண்டியிருந்தது.
ஏழாம் பாட்டில் அரை நிமிசத்தைப் பிடித்து
பாரிசில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன்.
இரவு ஒன்பதரைக்கு
சுபோதினியின் குரல் வந்தது:

'அக்கா... இது பிரெஞ்சுதான்...
வாய்க்குள்ளயே சொல்லுறாள்...
லிஃப்ட் பழுதாம்... படியால வாறாளாம்...
கோப்பியை... ஆறவிடவேண்டாமாம்...
அவ்வளவுதான்.'

சிரிப்பு வந்தது எனக்கு.
இத்தனை நாள் இதைப் பிரிவு என்று நினைத்து
கண் கலங்கியிருந்தேன், ஒரு கோப்பிக்கு.

இன்னொருக்கா போட்டுக் கேட்டேன்.
சொல்லை விட்டுவிட்டு இம்முறை.

இரண்டு சொல்லுக்கு ஓர் இழுப்பு.
இழுப்பின் முடிவில் மெல்லிய விசில்,
கதவிடுக்கில் சோளகம் நுழைவதுபோல.
முந்தி இவளுக்கு இது இல்லை.

எடுத்தேன்.
'எங்க நிக்கிறாய்?'
'படியில. எங்கட லிஃப்டும் பழுது.'
'எத்தினையாம் மாடி?'
'ரெண்டு.'
'ரெண்டுக்கா இப்படி?'

பதினொரு வருசம் ஹோட்டல் குளியலறைகள்.
வெள்ளையாக்கும் திராவகத்தின் மணம்
தன் சோற்றிலும் வருகுது என்று
போன மாரியில் பகிடியாய்ச் சொன்னவள்.
நானும் பகிடி என்றுதான் சிரித்தேன்.

'டொக்டரிட்டப் போனியா?'
அவள் சிரித்தாள்.
எனக்குத் தெரிந்த சிரிப்பு அது.
மத்தியானம் ஆறாம் அறையில்
வாயைத் துடைத்துக்கொண்ட சிரிப்பு.

பிளேயரை நிறுத்த எழும்பவில்லை நான்.
மூலையில் அவள் இன்னும் படியேறிக்கொண்டிருந்தாள்,
மெத்தென்று, ஒருவரையும் எழுப்பாமல்.

'சுபா, போனை வாய்க்குக் கிட்டப் பிடி.
நல்லா உள்ளுக்கு இழு.
இப்ப ஊது.'

'விசரா அக்கா உனக்கு?
ஆக்கள் போகினம்.'

'ஊது.'

பாரிசின் ஒரு படிக்கட்டிலிருந்து
என் காதுக்குள் காற்று இரைந்தது.
கையில் கடிகாரம். ஒன்று. இரண்டு.
விடாதே.
இன்னும்.
இன்னும்.