கொசுவலை

கிணற்றுக்கு மூடி போடச் சொன்னேன்.
கொசு, என்றேன்.
அவரும் இரும்பு வலை வாங்கிவந்தார்.

அரிவாள்மனையைப் பரணில் ஏற்றியதும்
கொசுவுக்காகத்தானா என்று
யாரும் கேட்கவில்லை.

புதுவயல் ஆரம்ப சுகாதார நிலையம்.
புதன்கிழமை, தடுப்பூசி வரிசை.
பத்து வாரத்துப் பிள்ளை என் மடியில்,
யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப்
போனதுபோல.

எடையை எழுதி முடித்த நர்ஸ் ரெஜினாள்
தலை தூக்காமலே கேட்டாள்:
"தூக்கம் வருதா?"

நல்லாத் தூங்குறான்.

"அவனைக் கேக்கல, உமையா."

கொசு, என்றுதான் ஆரம்பித்தேன்.
கொசுவிலிருந்து வலைக்கு,
வலையிலிருந்து கிணற்றுக்கு,
கிணற்றிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு
எப்படி வந்தேன் தெரியவில்லை.
வரிசை முணுமுணுத்தது.
அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இதுக்குப் பேர் இருக்கு.
பால் குடுத்துக்கிட்டே சாப்பிடுற மருந்தும் இருக்கு.
நாளைக்கே காரைக்குடி பெரியாஸ்பத்திரி. நானும் வர்றேன்.
இன்னைக்கு ராத்திரி தனியா இருக்காதே,
வீட்டுக்காரர் நம்பரைக் குடு."

தடுப்பூசி அட்டையில்
பிள்ளையின் தேதிகளுக்கு ஓரமாய்ச்
சாய்வெழுத்தில் வியாழன், பதினொரு மணி.
அது எனக்கு.

பஸ் ஏறும்போது ஓடிவந்து சொன்னாள்:
"அந்த வலை இருக்கட்டும்.
இப்போதைக்கு எடுக்காதே."