வலது கால் உரசல்

ஆன்றோ ஷிபினின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
காதால்தான் தெரியும்.
வடசேரியிலிருந்து கன்னியாகுமரி வரை
இருபத்தோரு கிலோமீட்டர்,
ஆறு ஜூன் மாதங்கள்,
என் இடத்தோளுக்கு ஒரு கை தூரம் பின்னால்
தார் ரோட்டில் அவன் வலது கால்
ஒவ்வொரு அடிக்கும் சற்றே உரசும்.
தீக்குச்சி கிழிக்கிற மாதிரி,
பற்றாத தீக்குச்சி.

சுசீந்திரம் பாலத்தில் அந்தச் சத்தம் நெருங்கினால்
அன்று அவனுக்கு நல்ல நாள்.
கொட்டாரம் தாண்டி, கடல் காற்று நெஞ்சில் கை வைக்கையில்
அது பின்தங்கினால் எனக்கு.
நாலு நொடி. ஏழு நொடி. ஒருமுறை வெறும் நெஞ்சளவு.
மூன்று தடவை அவன், மூன்று தடவை நான்.
பேசிக்கொண்டதை எண்ணினால்
பத்து வாக்கியம் தேறாது.

ஏழாவது ஜூன்.
முளைத்த பனங்கொட்டைத் தவுண் போல
வெளுத்துத் தடித்த அடியோடு ஒரு ஷூ.
உள்ளே கார்பன் தகடு இருக்கிறதாம்.
சத்தம் மாறியிருந்தது.
டொப், டொப்,
யாரோ காலி வாளியை மெதுவாகத் தட்டுவது போல.
என் பின்னால் வருவது யார் என்றே தெரியாமல்
மூன்று கிலோமீட்டர் ஓடினேன்.
பிறகு முன்னால் போவது யார் என்று
நன்றாகத் தெரிந்தது.

ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி.
அவ்வளவு நேரம் கோட்டின் அந்தப் பக்கம் நின்று
தண்ணீர் குடித்தான்,
வாய் துடைத்தான்,
என்னைக் கைதட்டி வரவேற்றான்.
அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எடே, காலாக்கும் ஓடினது, இல்ல செருப்பா?"
"ரெண்டும் எனக்கதுதான்."

பதிலில் ஒரு குறையும் இல்லை.

குலசேகரத்தில் எனக்கு முந்நூற்று இருபது ரப்பர் மரம்.
மூன்று மணிக்கு நெற்றி விளக்கு.
கத்தி ஒரு மயிரிழை கூட இறங்கினாலும்
மரம் காட்டிக்கொடுத்துவிடும்.
மரத்துக்கு மரம் ஓடித்தான் ஓடப் பழகினேன்,
கோச் என்று ஒருவர் வந்ததெல்லாம் அப்புறம்.
சிரட்டையில் பால் சொட்டச் சொட்டக் கணக்குப் போட்டேன்:
ஒரு ஜோடி இருபத்திரண்டாயிரம்.
அதுவும் முந்நூறு கிலோமீட்டரில் செத்துவிடுமாம்.
நான் மூன்று வாரத்தில் கொன்றுவிடுவேன்.

ஆடி மழையில் தூத்தூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான்,
மீன் கவரில் பழைய ஜோடியைச் சுற்றிக்கொண்டு.
"ஒனக்கும் எட்டாம் நம்பர்தானே. போட்டுப் பாரு.
பொறவு சண்ட போடலாம்."
சாயா குடிக்கவும் நிற்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து புரட்டினேன்.
நுரைக்கு அடியில் மெல்லிசாக ஒட்டியிருந்தது ரப்பர்.
அதில் எனக்குத் தெரிந்த சங்கதி அது ஒன்றுதான்.
விரலால் தடவினேன்.
இடதில் சீரான தேய்மானம்.
வலதில்
வெளி ஓரம் மட்டும்
பட்டை சீவியது போலச் சரிவாக.

உரசல் எங்கும் போகவில்லை.
சத்தத்தைத்தான் நுரை விழுங்கியிருந்தது.

மறுநாள் மாட்டிக்கொண்டு பேச்சிப்பாறை ரோட்டில் ஓடினேன்.
உள்ளதைச் சொன்னால்,
யாரோ இடுப்பைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார்கள்.
தனியாகச் சிரித்துவிட்டேன்.
ஆறாவது கிலோமீட்டரில்
அவன் சரிவில் என் கால் சரிந்து
முட்டின் வெளிப்பக்கம் குத்தியது.
இத்தனை வருஷம்
இந்த வலியோடா
என் காதருகே வந்துகொண்டிருந்தான்?

துடைத்து, காயவைத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.
நன்றி என்று எழுதவில்லை.
கால்முட்ட டாக்டர்ட்ட காட்டு
என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டு.

எனக்கு ஒரு ஜோடி
மார்த்தாண்டத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.
பத்துத் தவணை, இரண்டு கட்டியாயிற்று.

நேற்று அவனிடமிருந்து செய்தி வந்தது:
ஜூன் கழியட்டும்.