பேச்சுக்குமிழ்

புதுவயலில் ஓடாத ஓர் அரிசி ஆலை.
குடோனில் கயிறு கட்டி
துணிக் கிளிப்பில் தொங்கவிட்டோம் நாலு பேரும்
எங்கள் பக்கங்களை.
சாகுலின் பேய்க்கதைமேல் தவிட்டுத்தூசி இறங்கியதில்
பேய் இன்னும் நன்றாயிருந்தது.

முதல் நாள் வந்தவர்கள்:
மழைக்கு ஒதுங்கிய இருவர்,
"படம் எப்பப் போடுவீங்க?" என்ற ஒரு பையன்,
ஓர் ஆடு.

மறுநாள் மத்தியானம்
தேவகோட்டை வண்டிக் கண்டக்டர்
தோல்பையோடு நேரே என் கயிற்றுக்கு வந்தார்.
யார் சொன்னார்களோ.
ஆறு கட்டம். ஆறிலும் அவர் மீசை.
குமிழை விரலால் தட்டினார்:
"'சில்லறை இல்லாட்டி எறங்கு'ன்னு
நான் எப்பம்மா சொன்னேன்?"

சொன்னார். பங்குனி வெயிலில்
பாதி வழியில் இறக்கியும் விட்டார்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை;
ஒயிட்னரை எடுத்துக் கொடுத்தேன்.

பூசி, ஊதிக் காயவைத்து,
காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து
ரொம்ப நேரம் யோசித்து எழுதினார்:
"உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு."

ஜெபக்கனி சிரிப்பை அடக்க
மூட்டை எடைபோடும் தராசுக்குப் பின்னால் போய்விட்டாள்.

புத்தகம் நாற்பது ரூபாய்.
ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
எங்கள் நாலு பேரிடமும் சேர்த்து
சில்லறை இல்லை.