அரைச் சுற்று

பகலெல்லாம் என் வேலை
ஒரு முள்ளை ஏழில் நிறுத்துவது.
வீரபாண்டிப் பிரிவில் சாயப்பட்டறை பாய்லர்.
எட்டைத் தொட்டால் கட்டை போடாதே,
ஆறுக்கு இறங்கினால் மாஸ்டர் மேலிருந்து கத்துவார்.
பத்தரையைத் தாண்டினால்
சேஃப்டி வால்வு தானே சீறும்.
அதன் ஈய முத்திரையில்
பதினாலு வருஷமாக என் நகம்கூடப் பட்டதில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்து
ராத்திரி பதினொன்றுக்கு
இன்னொரு வால்வை ஏமாற்ற உட்கார்ந்தேன்.

பழைய ஆக்டேவியா.
நூல் கமிஷன்காரர் ஒருவர் ஓட்டி, அவர் மச்சான் ஓட்டி,
கடைசியில் எனக்கு.
பானெட்டில் வெயில் தின்ற திட்டுகள்.
டர்போ மட்டும் இன்னும் புதுசு போலச் சுழல்கிறது.

சாமான் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பித்தளைக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குண்டு,
குண்டின் முதுகில் ஸ்பிரிங்,
ஸ்பிரிங்கை நெருக்க ஒரு திருகு.
கணபதியில் லேத் வைத்திருக்கும் கார்வேந்தன்
கடைந்து கொடுத்தான். காசு வேண்டாம்,
ஒரு ரவுண்டு கூட்டிப் போ என்றான்.

டர்போவிலிருந்து வேஸ்ட்கேட்டுக்கு ஓடும் ரப்பர் குழாயை
நடுவில் வெட்டி, இதைச் சொருகி,
இரண்டு கிளிப் இறுக்கினால் முடிந்தது.
வெட்டத்தான் கை வரவில்லை.
யமுனா டார்ச் பிடித்தபடி கொட்டாவி விட்டாள்.
"துணின்னு நெனச்சு வெட்டுங்க."

காற்று முட்டும்போது கதவுக்குச் சேதி போகும்:
போதும், திற.
குண்டு அந்தச் சேதியை மடக்கி வைக்கிறது.
பொய் சொல்வதில்லை,
உண்மையை நேரங்கழித்துச் சொல்கிறது.
வட்டிக்கு எடுத்த நாற்பதாயிரத்தை
நான் இவளிடம் வைத்திருப்பது மாதிரி.

ஞாயிறு விடியுமுன் நாலரை.
அவிநாசி தாண்டி ஆறுவழிச் சாலை.
ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் பிதுங்கி
முதுகில் தள்ளுகிறது.
அத்தனை பெரிய மலைக்கும்
ஒரு இடத்தில் கதவு வைக்க வேண்டியிருந்திருக்கிறது.

டேஷ்போர்டில் ஒட்டிய மீட்டரை அவள் படிக்கிறாள்.
"பாயிண்ட் அஞ்சு. ஏழு. ஒம்பது…"
சீட் எங்களை விழுங்கியது.
பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இரண்டாம் முறை மிதித்தேன். ஒன்றுமில்லை.
பாயிண்ட் மூன்றில் முள் படுத்துக் கிடந்தது,
பஸ் ஸ்டாண்டில் தூங்குபவனைப் போல.

ஓரங்கட்டிப் பிரித்துப் பார்த்தேன்.
குழலின் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் துளை,
சிறைப்பட்ட காற்று கசிந்து வெளியேற.
அதில் பித்தளைத் தூள்.
காற்று வெளியேறாமல் கதவு திறந்தபடியே நின்றிருக்கிறது.
ஊதினேன், தட்டினேன், திட்டினேன்.
"சித்தெ இருங்க" என்று
புடவைத் தலைப்பிலிருந்து ஓவர்லாக் ஊசியை உருவினாள்.
ஒரே குத்து.
தூள் அவள் நகத்தில் மின்னியது.

மூன்றாம் முறை.
"ஒம்பது."
அப்புறம் சத்தமில்லை.
"எவ்வளவு?"
"ஒம்பதுதானுங்க, போங்க."
ஓரக்கண்ணால் பார்த்தேன், முள் ஒன்றைத் தாண்டியிருந்தது.
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.
திருமணமான நாளிலிருந்து
நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

அந்த நொடியில் பெட்ரோல் அறுந்தது.
யாரோ நெற்றியில் கைவைத்துத் தள்ளியதுபோல்
வண்டி குப்புறத் தலையாட்டி உருண்டு நின்றது.
செங்கப்பள்ளி வெளிச்சம் தூரத்தில்.

"வட்டிக்காரரு செவ்வாக்கெழம வந்தாருங்க" என்றாள்.
"ஏன் சொல்லல?"
"நீங்க சொல்லுவீங்கன்னு."

முட்டை லாரி ஒன்று கடந்து போனது,
வண்டியே ஆடியது.
இறங்கி பானெட்டைத் தூக்கினேன்.
திருகு சுட்டது. வேட்டி முனையால் பிடித்து
இடப்பக்கம் அரைச் சுற்று.
லாக் நட்டை இறுக்கினேன்.
நாற்பதல்ல, வட்டியோடு ஐம்பத்திரண்டு என்று
பானெட்டுக்குப் பின்னால் நின்றே சொன்னேன்.

வீடு வரும்வரை
நான் கேட்காமலே படித்துக்கொண்டு வந்தாள்.
பாயிண்ட் எட்டு.
பாயிண்ட் எட்டு.
பெருமாநல்லூர் சிக்னலில் பூஜ்யம்.
பாயிண்ட் எட்டு.