சாயம்

பத்தொன்பது வருடம் வரி அலுவலகத்தில்.
கடைசி நாள் கேக் வெட்டினார்கள்.
"கம்பளி நூலுக்கா?" என்றார் ரஸ்ஸல்.
பிறகு மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்:
"உன் மேசை ஆறு மாதம் காலியாகத்தான் இருக்கும்."

இன்வர்கார்கிலில் இன்றும் பக்கவாட்டில் பெய்கிறது மழை.
கராஜில் கார் நின்ற இடத்தில்
மூன்று அண்டா, வினிகர் வாடை,
கம்பியில் சொட்டும் கழிகள்.

நிறங்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது எனக்கு.
தெரிந்ததை வைத்தேன்.
திங்கள் காலை என்றொரு சாம்பல்.
இரண்டாம் நினைவூட்டல், அது சிவப்பு.
அடர்நீலத்துக்குத் தணிக்கை.
சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள்.

ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள்.
ஸ்வெட்டரில் ஒரு கை பாக்கி.
"அதே தணிக்கை, இன்னும் இரண்டு கழி?"

அன்றைக்கு எத்தனை கரண்டி போட்டேன்?
எழுதி வைக்கவில்லை.
ரசீது இல்லாமல் வந்தவர்களை
இத்தனை வருடம் நான் பார்த்த அதே பார்வை
அவள் கண்ணில்.
வெளுத்தது கம்பளியின் சாயமல்ல.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
கரண்டி, கிராம், கொதித்த நிமிடம்.

மார்ச் முடிகிறது.
படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தை
நிரப்பி நிமிர்ந்தால்
ஓரத்தில் நீலமாய் ஒரு கட்டைவிரல் ரேகை.

இருக்கட்டும்.
ரஸ்ஸல் பார்ப்பார்.