ஓ.ஈ.

துவைத்து முடிக்கப் பதினோரு நிமிடம் இருக்கையில்
நின்றுவிட்டது.
சிவப்பில் இரண்டெழுத்து: ஓ.ஈ.
கண்ணாடிக்குப் பின்னால், சாம்பல் தண்ணீரில்,
என் சட்டைகள் கைகளைத் தூக்கியபடி மிதந்தன.

ஓ.ஈ. என்றால் தண்ணீர் போகவில்லை.
ஐ.ஈ. என்றால் தண்ணீர் வரவில்லை.
மடிப்பாக்கத்தில் இரண்டையும் தெருவே சொல்லும்,
மே மாதத்தில் ஒன்று,
நவம்பரில் மற்றது.

போன மே மாதம் ஐ.ஈ. வந்தபோது
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
வந்த ரிஸ்வான் மெஷினைத் தொடவேயில்லை.
சமையலறைக் குழாயைத் திறந்தான்.
காற்று இருமியது.
"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு,
லாரிக்குச் சொல்லுங்க."
விசிட்டிங் சார்ஜ் முந்நூற்றைம்பது.
வாங்கிய காசுக்குப் பாவம் பார்த்தோ என்னவோ
பின்பக்கக் குழாயின் கழுத்தைத் திருகிச்
சல்லடையை எடுத்துக் காட்டினான்.
ஒரு ரூபாய் அகல வலை.
அதில் எங்கள் போர்வெல்லின் அடிவயிறு,
மஞ்சள் மணலாய்.
"மாசம் ஒரு தடவை. பழைய டூத் பிரஷ் போதும்."

யூ.ஈ. எனக்குப் பழக்கம்.
போர்வையை மட்டும் தனியாகப் போட்டால் வரும்.
கனம் ஒரு பக்கமே சேர்ந்து
மெஷின் நடக்கத் தொடங்கும்,
கீழ்வீட்டு பிரிசில்லா மேடம்
துடைப்பக் கட்டையால் மேலே இடிக்கும்வரை.
கூட இரண்டு துண்டு போடச் சொல்கிறது கையேடு.
ஓராள் வீட்டில்
துண்டுக்கு எங்கே போவது.

ஓ.ஈ. இதுதான் முதல் தடவை.
ராத்திரி பத்தே கால். ரிஸ்வான் எடுக்கவில்லை.
பக்கம் முப்பத்தொன்று:
பிளக்கைப் பிடுங்கு. சூடாக இருந்தால் ஆறவிடு.
கீழ்மூலைச் சின்னக் கதவைத் திற.
தட்டு வை.
சாப்பாட்டுத் தட்டு வைத்தேன், போதவில்லை,
பிறகு குக்கர், பிறகு ஒரு வாளி,
பிறகு தரை.

மூடியைத் திருகி இழுத்ததும் வந்தன:
மாம்பலத்துக்கு எடுத்த ரயில் டிக்கெட்டின் கூழ்,
செல்லாத ஐம்பது பைசா,
ஒரு ஹேர்பின்
(அது வீட்டில் இருக்க வாய்ப்பிருந்து நான்கு வருடமாகிறது),
கருப்பாய், வழவழவென்று, பழைய சோப்பு.
அதற்குள் புதைந்து
ஒரு பித்தளைப் பொத்தான். நங்கூரம் பொறித்தது.

என் துறைமுகச் சட்டைக்கு ஆறு உண்டு.
இந்த ஆறாவதுக்காகத்தான்
பொங்கலுக்கு முந்தின வாரம்
இஸ்திரி வண்டி தெய்வநாயகியிடம்
பால் வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கக்
கத்தினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் சட்டை வந்தது,
காலியிடத்தில் நாலு துளை வெள்ளைப் பொத்தானோடு,
கருநீல நூலில்.
கூலியில் அதைச் சேர்க்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

வடிகட்டியைத் தேய்த்துக் கழுவி, மாட்டி, இறுக்கி
ஸ்பின் மட்டும் ஓடவிட்டேன்.
எழுத்து போய்விட்டது.
தண்ணீர் சுவருக்குள் இறங்கி
பிரிசில்லா மேடத்தைக் கடந்து போகும் சத்தம்.
தூக்கம் வராமல் கையேட்டை முழுதும் படித்தேன்.
பவுடர் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்,
நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.
இரண்டு மாதத்துக்கொரு முறை
எலுமிச்சை உப்பு போட்டு, துணியில்லாமல், சுடுநீரில்.
முடிந்ததும் கதவைத் திறந்தே வை,
ரப்பர் மடிப்பைத் துடை.
போடுமுன் பைகளையும் பொத்தான்களையும் பார்.
இது நாலாம் பக்கத்திலேயே இருக்கிறது.

காலை ஏழுக்கு அவள் பெட்டியில்
கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
உள்ளங்கையை விரித்தேன்.
நங்கூரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"மெஷினுக்குள்ள இருந்துச்சு," என்றேன்.
யோசித்து வைத்திருந்ததில்
அவ்வளவுதான் வெளியே வந்தது.

"வெள்ளையைப் பிரிச்சு இதைத் தைக்கணும்னா
பத்து ரூபா."

இருபது நீட்டினேன்.
பத்தைத் திருப்பித் தந்தாள்.