மேல்மாடி

"மேல இருக்கிறவன் பாத்துக்குவான்" என்றுதான்
எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்,
ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வைத்துவிட்டு.

எங்களுக்கு மேலே இருக்கிறவர் தணிகைவேலன்.
ஐ.சி.எஃப்.பில் இரண்டாவது ஷிப்ட்.
நள்ளிரவு தாண்டி வந்து நாற்காலியை இழுப்பார்,
பெரம்பூர் முழுக்கக் கேட்கும்.
பிறகு வாளி. பிறகு ஏதோ ஒரு டம்ளர்
உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டும்.

ஆபரேஷன் முடிந்து இவரைக் கூட்டிவந்த நாளிலிருந்து
நான் தூங்கவில்லை.
மார்பில் தையல், அதன்மேல் போர்வை.
போர்வை உயர்வதைப் பார்ப்பேன், தாழ்வதைப் பார்ப்பேன்,
ஒரு நொடி நின்றால் மூக்கருகே விரல்.
நான் பார்க்காவிட்டால் அந்த மூச்சு
வழி மறந்துவிடும் என்பதுபோல.

ஜெபித்தேன். பொய் சொல்வானேன், திட்டவும் செய்தேன்.
கேட்கிறதா ஆண்டவரே என்றேன்.
ஃபேன் சுற்றியது.
பேப்பர் மில்ஸ் ரோட்டில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது.
அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
மேலேயும் சத்தம் நின்றுவிட்டது.
தொல்லை விட்டது என்று நினைக்கவேண்டியவள்
பயந்தேன்.
கட்டடத்தில் நானும் இந்த மூச்சும் மட்டும்.

சனிக்கிழமை துணி உலர்த்த ஏறினேன்.
அவர் கதவு திறந்திருந்தது.
பனியனோடு தரையில் உட்கார்ந்து
ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் அந்த நாற்காலி.
நான்கு கால்களுக்கும் பழைய காக்கி சாக்ஸ் மாட்டி
சணலால் கட்டியிருந்தது.
ஒன்றில் கட்டைவிரல் ஓட்டை.

"நீங்க ஊர்ல இல்லைன்னு நெனச்சேன்."
"இங்கதாங்க இருக்கேன். தினமும்"
என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

மொட்டைமாடியில் ஈரத்துணியோடு நின்றேன்,
முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட.
தூரத்தில் லூர்து மாதா கோவில் கோபுரம்.
சத்தமில்லை என்றால் ஆளில்லை என்று
எனக்கு யார் சொன்னது?

அன்று ராத்திரி போர்வையைக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
ஸ்கேன் திங்கட்கிழமை. அது மாறவில்லை.
மாத்திரைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும் மாறவில்லை.
நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன்,
வாய்விட்டுக்கூட இல்லை.
இருபத்துமூன்று நாளில் முதல்தடவையாக
அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

விழித்தபோது எட்டரை.
வாசல் கம்பியில் பால் பாக்கெட்
வெயிலில் வியர்த்துத் தொங்கியது.
இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
ஒரு கையால் தையலை அழுத்திக்கொண்டு
என் மூக்கருகே
விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.